ஒரு ‘ஸ்’

வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு
டங்கானனில், தேவாலயக் கூடத்தின் பின்னறையில்
வினைச்சொல் பாடம் நடக்கும்.
ஹீட்டர் ஓடாது.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்போம் பதினோரு பேர்,
மாட்டிறைச்சித் தொழிற்சாலையின் பகல் ஷிஃப்ட்.
எத்தனை தடவை கழுவினாலும் விரலிடுக்கில் கொழுப்பு வாடை.
நோட்டுக்கும் அது தொற்றிவிட்டது.

டீச்சர் க்ரான்யாவுக்கு இருபத்தாறு வயது.
எங்களில் பாதிப் பேரின் முழங்கால் வலி
அவளைவிட மூத்தது.
பலகையில் எழுதினாள்:
ஐ கட். யூ கட். வீ கட். தே கட்.
கொஞ்சம் நிறுத்தி,
ஹீ கட்ஸ். ஷீ கட்ஸ்.

ஏன் என்றார் லிதுவேனியாக்காரர் அல்கிமன்தாஸ்.
நானும் நீயும் வெட்டினால் சும்மா விடும் மொழி
இங்கே இல்லாத ஒருவன் வெட்டினால் மட்டும்
ஏன் வால் கட்டி விடுகிறது?
க்ரான்யா மார்க்கரை மூடி யோசித்தாள்.
“தெரியவில்லை. ஆனால் போடாவிட்டால் மார்க் போகும்.”

எங்கள் தேத்தும் மொழியில்
வினைச்சொல் உடை மாற்றாது.
நேற்றும் நாளையும் அதே சட்டைதான்.
காரியம் முடிந்துவிட்டால்
கடைசியில் ‘ஓனா’ என்போம்,
கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரி.

கொக்கியில் தொங்கி வரும் தொடைகளுக்கு நடுவே நின்று
உதடு அசையாமல் வால் கட்டிப் பழகினேன்:
ஹீ லிஃப்ட்ஸ். ஷீ வாஷஸ். இட் ட்ரிப்ஸ்.
சூப்பர்வைசர் மலக்கி ஆங்கிலத்திலேயே பிறந்தவர்,
‘ஐ சீன் இட்’ என்பார், ‘ஐ டன் இட்’ என்பார்.
க்ரான்யாவிடம் புகார் சொன்னேன். சிரித்தாள்.
“என் அப்பாவும் அப்படித்தான். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.”
சரிதான்.
சொந்த வீட்டில் செருப்போடு நடக்கலாம்,
வந்தவன்தான் வாசலில் கழற்ற வேண்டும்.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
ஜெசுயினாவின் கத்தி எலும்பில் வழுக்கி
சங்கிலிக் கையுறையின் விளிம்பைத் தாண்டி
இடது மணிக்கட்டில் ஏறியது.
ஏழு தையல்.
பக்கத்தில் நின்றவன் நான். படிவம் தந்தார்கள்.
என்ன நடந்தது? மூன்று கோடு இடம்.
ஒரு கோடே போதும் எனக்கு:
ஷீ கட்ஸ் ஹர் ஹேண்ட்.
வாலை மறக்கவில்லை பாருங்கள்.
கீழே கையெழுத்து, எர்மெலிந்தோ.

அலுவலகத்துப் பெண் படித்தாள்.
“அடிக்கடியா?” என்றாள்.
எனக்கு விளங்கவில்லை.
“கட்ஸ் என்று எழுதினால் அது அவளுடைய வழக்கம்.
கையை வெட்டிக்கொள்வதே அவள் வேலை என்று
சாட்சி சொல்லியிருக்கிறீர்கள்.
இதைப் பார்த்தால் மேலே பணம் தரமாட்டார்கள்.”
கட் என்று மட்டும் எழுதினால்?
“ஒரே ஒரு தடவை. நடந்து முடிந்தது.”

இரண்டரை மாதம் பாடுபட்டுப் பிடித்த ‘ஸ்’.
அதன் மேல் பேனாவால் ஒரு கோடு.
அடித்தவன் நான்தான் என்பதற்கு
ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்து.
வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்: ஓனா.

பணம் வந்தது. கொஞ்சம்தான்.
பிப்ரவரியில் பஸ் நிறுத்தத்தில் நின்றோம்,
குடைக்கு அடங்காத பக்கவாட்டு மழை.
வகுப்புக்குப் போகும் வழியில்
ஆங்கிலம் மட்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.
ஜெசுயினா விரல்களை மடக்கினாள், விரித்தாள்,
கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.
“மை ஹேண்ட் ஹர்ட்.”

‘ஸ்’ இல்லை.
ஹர்ட்டும் கட் மாதிரிதான்,
நேற்றைக்கென்று தனி உருவம் கிடையாது.
இலக்கணப்படி வலி முடிந்துவிட்டது.
இல்லையென்றால் வழக்கம்போல
அவள் வாலை மறந்துவிட்டாள்.
எங்கள் மொழியில் கேட்டிருக்கலாம், ஒரே சொல்லில்.
அதற்குள் பஸ் வந்தது.

வலது கையால் கம்பியைப் பிடித்து ஏறினாள்,
வலது கையாலேயே பர்ஸைத் திறந்து
வலது கையாலேயே சில்லறை எண்ணினாள்.
டிரைவர் காத்திருந்தார்.
இடது கை பையிலேயே இருந்தது.